உட்பொதி லினக்ஸும் செக்காம்ப் மணல்தொட்டியும்

செக்காம்ப் என்பது லினக்ஸ் கெர்னலில் உள்ள ஒரு பாதுகாப்பு வசதி. ஒரு நிரல் கெர்னலிடம் எந்த வேலைகளைக் கேட்கலாம், எவற்றைக் கேட்கக் கூடாது என்று வரையறுப்பது இதன் பணி. இப்படி ஒரு நிரலை வேலிக்குள் வைத்து இயக்கும் முறைக்கு மணல்தொட்டி என்று பெயர். தொட்டிக்குள் குழந்தை எப்படி விளையாடினாலும் மணல் வெளியே சிந்தாது என்பது இப்பெயரின் கருத்து. 2005-இல் லினக்ஸில் சேர்ந்த இவ்வசதி இன்று உலாவிகளிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் சர்வர்களிலும் இயல்பாகவே இயங்குகிறது. ஆனால் ரூட்டர், கண்காணிப்புக் கேமரா, செட்டாப் பாக்ஸ் போன்ற கருவிகளுக்காக லினக்ஸ் மென்பொருளைத் தொகுக்கும்போது இதை அணைத்துவிடும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. அந்த வழக்கம் எப்படித் தோன்றியது, அதற்கான காரணங்கள் எவ்வளவு நியாயமானவை, அவை மறைந்த பிறகும் வழக்கம் ஏன் நீடிக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முன்வரலாறு

யூனிக்ஸ் குடும்ப இயங்குதளங்களில் ஒரு நிரல் கோப்பைத் திறக்கவோ, வலையமைப்பில் பேசவோ, நேரத்தை அறியவோ கெர்னலிடம்தான் கேட்க வேண்டும். இவ்வேண்டுகோள்களுக்கு அமைப்பு அழைப்புகள் என்று பெயர். லினக்ஸில் இவை 300-க்கும் மேற்பட்டவை. ஒரு நிரலுக்கு உண்மையில் தேவைப்படுபவை சில பத்துகளே. தாக்குபவர் ஒருவர் அந்நிரலில் உள்ள பிழையைப் பயன்படுத்தி அதைத் தன் வசப்படுத்திவிட்டால், மீதமுள்ள அழைப்புகளும் அவர் கைக்குப் போய்விடும்.

நிரலை ஒதுக்கி வைக்கும் எண்ணம் பழையது. 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் 7-ஆம் பதிப்பில் சிரூட் என்ற அழைப்பு இருந்தது. அது ஒரு நிரலின் பார்வையை ஒரே கோப்புறைக்குள் சுருக்கியது. 2000-இல் ஃப்ரீபிஎஸ்டி 4.0 ‘ஜெயில்’ என்ற வசதியைக் கொண்டுவந்தது. 2002-இல் நீல்ஸ் புரோவோஸ், ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளை இரண்டாகப் பிரித்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் இந்த மென்பொருளில், கடவுச்சொல் சரிபார்க்கப்படும் முன்பே அறிமுகமில்லாத ஒருவர் அனுப்பும் தரவை வாசிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஆபத்தான வேலையை அதிகாரம் குறைந்த ஒரு தனிச் செயல்முறையிடம் ஒப்படைப்பதே அவருடைய வழி. பின்னாளில் செக்காம்ப் வந்து காவல் நின்ற இடங்களுள் இதுவும் ஒன்று.

செக்காம்பின் தோற்றம்

செக்காம்பை எழுதியவர் இத்தாலிய நிரலாளர் ஆண்ட்ரியா ஆர்க்காஞ்சலி. 2005-இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.12 பதிப்பில் இது சேர்ந்தது. சும்மா இருக்கும் கணினிகளின் கணிப்புத் திறனை இணையம் வழியாக வாடகைக்கு விடும் ஒரு திட்டத்தை அவர் நடத்திவந்தார். முன்பின் தெரியாதவரின் நிரலைத் தன் கணினியில் ஓடவிட வேண்டுமென்றால், அது எதையும் கெடுக்காது என்ற உறுதி வேண்டும். எனவே முதல் செக்காம்ப் மிகக் கண்டிப்பானதாக இருந்தது. படித்தல், எழுதுதல், முடித்தல், சைகையிலிருந்து திரும்புதல் என்ற நான்கு அழைப்புகளுக்கு மட்டுமே அனுமதி. வேறு எதைக் கேட்டாலும் கெர்னல் அந்நிரலை அங்கேயே கொன்றுவிடும்.

அவ்வளவு கண்டிப்பான வேலிக்குள் அன்றாட மென்பொருள் எதுவும் வாழ முடியாது. 2009-இல் ஒரு பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபோது, இதை யாரேனும் உண்மையில் பயன்படுத்துகிறார்களா என்றே லினஸ் டோர்வால்ட்ஸ் கேட்டார். அப்போது கூகுள் குரோம் குழுவினர் தங்கள் உலாவிக்காக இதை எடுத்து முயன்றுகொண்டிருந்தனர்.

மாற்றம் 2012-இல் வந்தது. கூகுளில் பணியாற்றிய வில் ட்ரூரி எழுதிய வடிகட்டி வசதி லினக்ஸ் 3.5 பதிப்பில் சேர்ந்தது. இதன்படி ஒவ்வொரு நிரலும் தனக்குத் தேவையான அழைப்புகளின் பட்டியலைத் தானே எழுதிக் கெர்னலிடம் கொடுக்கலாம். பட்டியலில் இல்லாத அழைப்பு வந்தால் நிரலைக் கொல்வதா, பிழை எண்ணைத் திருப்பித் தருவதா என்பதையும் அந்நிரலே சொல்லலாம். அதே ஆண்டில் வெளிவந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 6.0 இதைப் பயன்படுத்தத் தொடங்கியது. பட்டியல் எழுதுவதை எளிதாக்கும் லிப்செக்காம்ப் என்ற நிரலகத்தைப் பால் மூர் உருவாக்கினார். 2016-இல் டாக்கரும் 2017-இல் ஆண்ட்ராய்டு 8-உம் செக்காம்பை இயல்புநிலை வசதியாக ஏற்றன.

செக்காம்பின் ஒரு பண்பை இங்கே குறிப்பிட வேண்டும். ஒரு செயல்முறை இந்த வேலியை ஒருமுறை போட்டுக்கொண்டால், அதன் பிறகு கழற்ற முடியாது. அது பெற்றெடுக்கும் துணைச் செயல்முறைகளும் அதே வேலிக்குள்தான் பிறக்கும். ஓடும்போது யாராலும் திறக்க முடியாத இந்தப் பூட்டு, மென்பொருளைத் தொகுக்கும் நேரத்தில் ஒரே ஒரு ‘இல்லை’ என்ற விடையால் இல்லாமலே போய்விடும். அந்த விடையின் வரலாறுதான் உட்பொதி லினக்ஸில் செக்காம்பின் வரலாறு.

‘உட்பொதி மட்டும் இல்லை எனலாம்’

லினக்ஸ் கெர்னலைத் தொகுப்பவர் முதலில் ஒரு நீண்ட கேள்விப் பட்டியலுக்கு விடை சொல்கிறார். எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்ற தேர்வு அது. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே சிறு உதவிக் குறிப்பு இருக்கும். செக்காம்ப் குறித்த கேள்வியின் கீழ், ஐயமிருந்தால் ‘ஆம்’ என்று சொல்லவும், உட்பொதி அமைப்புகள் மட்டுமே ‘இல்லை’ என்று சொல்லலாம் என்ற கருத்தில் ஒரு வரி நீண்டகாலம் இருந்தது.

2005-இன் சூழலில் இவ்வறிவுரை விளங்கக்கூடியதே. 2002 டிசம்பரில் வெளிவந்து, பின்னர் ஓப்பன்வர்ட் திட்டத்துக்கு வித்திட்ட லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டரில் நிரந்தர நினைவகம் 4 மெகாபைட்டு மட்டுமே. கெர்னல், கோப்புகள், அமைப்புப் பக்கங்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அக்காலச் செக்காம்ப் யாரும் அதிகம் பயன்படுத்தாத, வாடகைக் கணிப்புக்கான வசதி. ரூட்டரில் அதற்கு வேலை இல்லை.

2012-க்குப் பிறகு செக்காம்பின் பொருள் முழுவதும் மாறிவிட்டது. அந்நியர் அனுப்பும் தரவை வாசிக்கும் எந்தச் சேவைக்கும் அது பயன்படும் காவலாயிற்று. இணையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்கும் ரூட்டருக்கு அது மற்றவற்றைவிட அதிகம் தேவை. ஆனால் உதவிக் குறிப்பு பழையபடியே இருந்தது. 2020-இல் வெளிவந்த 5.10 பதிப்புக்காக, வெவ்வேறு நுண்செயலிகளுக்குத் தனித்தனியே இருந்த இக்கேள்விகள் ஒரே இடத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அப்போது உட்பொதி அமைப்புகளுக்கான விலக்கும் நீங்கியது. ஐயமிருந்தால் ‘ஆம்’ என்பது மட்டும் எஞ்சியது. ஏறத்தாழ 15 ஆண்டுகள் நின்ற அறிவுரை, எந்த ஆரவாரமும் இல்லாமல் விலகிற்று.

தொகுப்பவரின் கையில் இருக்கும் தேர்வு

மேசைக்கணினியில் லினக்ஸ் பயன்படுத்துபவருக்கு இக்கேள்வி எதிர்ப்படுவதே இல்லை. பொழிச்சலூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் இணைந்து, 2005-இல் கட்டற்ற, திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. அம்முயற்சியில் பிறந்த பாஸ் லினக்ஸ் 2007-இல் முதன்முதலாக வெளிவந்தது. அது டெபியனை அடிப்படையாகக் கொண்டது. அத்தகைய வழங்கலில் பொதிகள் முன்பே தொகுக்கப்பட்டுத் தயாராக வருகின்றன. மணல்தொட்டி வேண்டுமா என்பதைப் பயனருக்காக டெபியன் பராமரிப்பாளர்கள் முடிவுசெய்துவிடுகிறார்கள். பல்லாயிரம் பேர் பயன்படுத்துவதால், ஏதேனும் பழுதானால் உடனே தெரிந்துவிடும், திருத்தமும் வரும்.

உட்பொதி உலகம் வேறு. அங்கே ஒரு கருவிக்கான முழு லினக்ஸையும் பொறியாளர் ஒருவரோ சிறு குழுவோ மூலநிரலிலிருந்து தொகுக்கிறார்கள். பில்ட்ரூட், யோக்டோ, ஓப்பன்வர்ட் ஆகியவை இதற்கான பெயர்பெற்ற கருவிகள். நுண்செயலி, கெர்னல் பதிப்பு, சி நிரலகம், பொதிகளின் பதிப்பு ஆகிய ஒவ்வொன்றையும் அவர்களே தேர்கிறார்கள். அந்தக் குறிப்பிட்ட சேர்க்கையை உலகில் வேறு யாரும் சோதித்திருக்காமல் போகலாம்.

இதனால்தான் பில்ட்ரூட்டில் ஓப்பன்எஸ்எஸ்எச் பொதிக்கு மணல்தொட்டியை இயக்கவும் அணைக்கவும் தனித் தேர்வு உள்ளது. இயல்பாக அது இயக்கத்தில் இருக்கும். பொதுவாக இதை வைத்திருப்பதே நல்லது, ஆனால் சில சி நிரலக, கெர்னல் சேர்க்கைகளில் செக்காம்ப் சிக்கல் தரலாம் என்று அதன் குறிப்பு கூறுகிறது. இந்தச் ‘சில சேர்க்கைகள்’ எவை என்று பார்த்தால், அணைக்கும் வழக்கத்தின் வேர் தெரியும்.

முதற்காரணம்: நுண்செயலி ஆதரவு

செக்காம்ப் வடிகட்டி 2012-இல் எக்ஸ்86 நுண்செயலிகளுக்கு மட்டுமே வந்தது. ஆர்ம் நுண்செயலிக்கு 2013-இல் லினக்ஸ் 3.8-உடனும், ரூட்டர்களில் பரவலாக இருந்த மிப்ஸுக்கு 2014-இலும், 64 பிட் ஆர்முக்கு 2015-இல் 3.19-உடனும் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ரூட்டர் தயாரித்தவர் விரும்பினாலும் வடிகட்டியைப் பயன்படுத்தியிருக்க முடியாது. அதன் பிறகும், சில்லு நிறுவனம் தந்த பழைய கெர்னலிலேயே நின்றுவிட்ட கருவிகளுக்குப் புதிய ஆதரவு எட்டவில்லை.

இதே கதை சென்னையில் மறுபடி நிகழ்ந்தது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் தொடங்கிய ரிஸ்க்-வி என்ற திறந்த நுண்செயலி வரையறையைக் கொண்டு, ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் வீ. காமகோடி தலைமையிலான குழு ‘சக்தி’ நுண்செயலிகளை வடிவமைத்தது. 2018-இல் அமெரிக்காவில் உள்ள இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் நுட்பத்தில் தயாரான ‘ரைஸ்கிரீக்’ சில்லில் லினக்ஸ் இயங்கியது. அதே ஆண்டில் சண்டிகரில் உள்ள அரசு ஆலையில் 180 நானோமீட்டர் நுட்பத்தில் மற்றொரு சில்லும் உருவானது. இந்தியாவில் வடிவமைத்த நுண்செயலியில் லினக்ஸ் ஓடியது பெரிய செய்தியாயிற்று.

அந்த ஆண்டில் ரிஸ்க்-வி லினக்ஸ் எந்த நிலையில் இருந்தது என்பது இங்கே கவனத்துக்குரியது. ரிஸ்க்-வி ஆதரவே 2018 ஜனவரியில் வெளிவந்த 4.15 பதிப்பில்தான் அதிகாரபூர்வ லினக்ஸில் சேர்ந்திருந்தது. செக்காம்ப் அதில் இல்லை. டேவிட் அப்துராக்மானோவ் எழுதிய செக்காம்ப் ஆதரவு 2020 ஜனவரியில் 5.5 பதிப்புடன் வந்தது. லிப்செக்காம்ப் நிரலகம் 64 பிட் ரிஸ்க்-வியை ஏற்றது அதே ஆண்டு ஜூலையில், 2.5.0 பதிப்பில். ஆக, 2018-இல் உலகின் எந்த ரிஸ்க்-வி சில்லுக்கு மென்பொருள் தொகுத்தாலும், செக்காம்பை அணைத்துத் தொகுப்பதுதான் ஒரே வழி. அது யாருடைய அலட்சியமும் அன்று. ஒரு புதிய நுண்செயலியில் கெர்னல், சி நிரலகம், துணை நிரலகம், இறுதிப் பொதி என்ற நான்கு படிகளும் தயாராக வேண்டும். மணல்தொட்டி இந்த வரிசையின் கடைசியில்தான் வந்து சேர்கிறது.

இங்கே கற்க வேண்டியது காலக்கெடு பற்றியது. 2018-இல் எழுதிய உள்ளமைவுக் கோப்பில் ‘செக்காம்ப் இல்லை’ என்பது உண்மை நிலையின் பதிவு. அதே கோப்பை 2022-இல் நகலெடுத்துப் புதிய கருவிக்குப் பயன்படுத்தினால், அவ்வரி உண்மை நிலையின் பதிவாக இருக்காது. காரணம் தெரியாமல் பின்பற்றப்படும் சடங்காகிவிடும்.

இரண்டாம் காரணம்: மாறும் அழைப்புகள்

நுண்செயலி ஆதரவு முழுமையான பிறகும் சிக்கல் தீரவில்லை. செக்காம்ப் பட்டியலை எழுதுபவர் பயன்பாட்டு நிரலின் ஆசிரியர். ஆனால் கெர்னலிடம் உண்மையில் பேசுவது பெரும்பாலும் சி நிரலகம். நிரலகம் தன் வழக்கத்தை மாற்றினால், பட்டியல் பழையதாகிவிடும். வாயிற்காவலரிடம் கொடுத்த விருந்தினர் பட்டியலில் பழைய பெயர் இருக்க, அதே மனிதர் புதிய பெயரில் வந்து நிற்பதைப் போன்றது இது.

2019, 2020 ஆண்டுகளில் இது பெரிய அளவில் நிகழ்ந்தது. 32 பிட் கணினிகள் 1970 ஜனவரி 1-லிருந்து நொடிகளை எண்ணி நேரத்தைக் கணக்கிடுகின்றன. அந்த எண்ணிக்கை 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரப்படி காலை 8.44 மணிக்கு நிரம்பி வழியும். இதைத் தவிர்க்க, 2019 மே மாதம் வெளிவந்த லினக்ஸ் 5.1, 32 பிட் கணினிகளுக்கு 64 பிட் நேர அழைப்புகளைப் புதிதாகச் சேர்த்தது. 2020 பிப்ரவரியில் வெளிவந்த ஜிலிப்சி 2.31, மசல் 1.2.0 ஆகிய சி நிரலகங்கள் நேரம் சார்ந்த வேலைகளுக்குப் புதிய அழைப்புகளைப் பயன்படுத்தத் தொடங்கின. சற்றுநேரம் காத்திருக்கும்படி நிரல் கேட்டால்கூட, நிரலகம் புதிய பெயருள்ள அழைப்பைக் கெர்னலுக்கு அனுப்பியது.

பழைய ஓப்பன்எஸ்எஸ்எச் பதிப்பின் பட்டியலில் அப்பெயர்கள் இல்லை. செக்காம்ப் தன் கடமையைச் செய்தது, செயல்முறையைக் கொன்றது. கருவிக்குள் நுழைய முயன்றவருக்குத் தெரிந்ததெல்லாம் ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது’ என்ற செய்திதான். 2020-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.2 புதிய அழைப்புகளைப் பட்டியலில் சேர்த்துச் சிக்கலைத் தீர்த்தது.

2019 செப்டம்பரில் வெளிவந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1டி இன்னொரு எடுத்துக்காட்டு. சீரற்ற எண்களைப் பெறும் ‘கெட்ராண்டம்’ அழைப்பு லினக்ஸ் 3.17-இல்தான் வந்தது. அது இல்லாத பழைய கெர்னல்களில், புதிய ஓப்பன்எஸ்எஸ்எல் பகிர்வு நினைவகத்தைத் தொட முயன்றது. ஓப்பன்எஸ்எஸ்எச் மணல்தொட்டி அதை அத்துமீறலாகக் கருதிச் செயல்முறையைக் கொன்றது. ஓப்பன்எஸ்எஸ்எச் குழு இதற்குக் கொடுத்த தீர்வு பாடமாகக் கொள்ளத்தக்கது. அவர்கள் அந்த அழைப்புகளை அனுமதிக்கவில்லை. மணல்தொட்டியை அணைக்கவும் சொல்லவில்லை. கொல்வதற்குப் பதிலாக, ‘அனுமதி இல்லை’ என்ற பிழை எண்ணைத் திருப்பித் தரும்படி மாற்றினார்கள். காவல் தொடர்ந்தது, மென்பொருளும் ஓடியது.

ஆனால் வெளியீட்டுத் தேதி நெருங்கிய நிலையில் இருக்கும் பொறியாளர் அடுத்த பதிப்புக்காகக் காத்திருக்க மாட்டார். மணல்தொட்டியை அணைத்துத் தொகுத்தால் கருவி வேலை செய்கிறது. தற்காலிகம் என்று எண்ணிச் செய்த அந்த மாற்றம், கருவியின் வாழ்நாள் முழுவதும் தங்கிவிடுகிறது. சோதனையில் அது ஒருபோதும் தோல்வியாகத் தெரிவதில்லை. அணைத்த காவல் எந்தப் பிழைச் செய்தியும் தராது.

அணைப்பதால் நேரும் இழப்பு

மணல்தொட்டியை அணைத்தால் கருவி உடனே திறந்த வீடாகிவிடும் என்று நினைப்பது தவறு. ஓப்பன்எஸ்எஸ்எச்-இல் அதிகாரம் குறைந்த தனிச் செயல்முறை, வெற்றுக் கோப்புறைக்குள் அடைத்தல் ஆகிய பழைய காவல்கள் அப்போதும் இருக்கும். அதேபோல், மணல்தொட்டி இருந்தால் எல்லாத் தாக்குதலும் நின்றுவிடும் என்பதும் தவறு. 2016-இல் கேமராக்களையும் ரூட்டர்களையும் பெருவாரியாகப் பிடித்த மிராய் தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்களை முயன்றே உள்ளே நுழைந்தது. வாசல் சாவியோடு வருபவரை மணல்தொட்டி தடுக்காது.

அதன் உண்மையான மதிப்பை மூன்று நிகழ்வுகள் காட்டுகின்றன. 2023 பிப்ரவரியில், ஓப்பன்எஸ்எஸ்எச் 9.1-இல் நினைவகத்தை இருமுறை விடுவிக்கும் பிழை தெரியவந்தது. கடவுச்சொல் கேட்கும் முன்பே எட்டக்கூடிய பிழை அது. எனினும் அதைத் தாக்குதலுக்குப் பயன்படுத்த முடியும் என்று கருதவில்லை என்றும், அது வேலிக்குள் இருக்கும் செயல்முறையில்தான் நிகழ்கிறது என்றும் 9.2 வெளியீட்டில் விளக்கப்பட்டது. மணல்தொட்டியை அணைத்துத் தொகுத்த கருவிகளுக்கு அந்த ஆறுதலில் ஒரு பகுதி பொருந்தாது.

2024 ஜூலையில் அடுத்தடுத்து இரு குறைகள் வெளியாயின. முதலாவது குவாலிஸ் நிறுவனம் ஜூலை 1 அன்று அறிவித்த சிவிஇ-2024-6387. அது முழு அதிகாரத்துடன் ஓடும் பகுதியில் இருந்ததால் மணல்தொட்டி உதவவில்லை. மிகக் கடுமையானதாகக் கருதப்பட்டது. ஒரு வாரம் கழித்து வந்தது சிவிஇ-2024-6409. ஏறத்தாழ அதே வகைப் பிழை; ஆனால் அது வேலிக்குள் இருந்த செயல்முறையில் இருந்தது. அதனால் அதன் விளைவு குறைவு என்று மதிப்பிடப்பட்டது. ஒரே வகை ஓட்டை, ஒரே மென்பொருள். வேலியின் எப்பக்கத்தில் இருந்தது என்பதே தீவிரத்தை நிர்ணயித்தது.

கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி

தெரிந்தே அணைப்பது ஒரு வகை. தெரியாமலே அணைந்துபோவது இன்னொரு வகை. பல மென்பொருள்கள் தொகுக்கும் நேரத்தில் ஒரு சிறு சோதனை நிரலை எழுதிப் பார்க்கின்றன. அது தொகுப்பானால் ‘இக்கணினியில் மணல்தொட்டி உண்டு’ என்றும், ஆகாவிட்டால் ‘இல்லை’ என்றும் முடிவுசெய்து, சத்தமின்றி மேலே செல்கின்றன.

2024-இல் எக்ஸ்ஸெட் என்ற சுருக்க மென்பொருளில் ‘ஜியா டான்’ என்ற புனைபெயரில் இயங்கியவர் புகுத்திய கள்ளக்கதவு உலகெங்கும் பேசப்பட்டது. 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இருந்த அதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் மார்ச் 29 அன்று வெளிப்படுத்தினார். பிறகு பழைய மாற்றங்களை ஆராய்ந்தபோது இன்னொன்றும் சிக்கியது. லேண்ட்லாக் என்பது மிக்கேல் சலாவுன் எழுதி, 2021-இல் லினக்ஸ் 5.13-இல் சேர்ந்த மற்றொரு மணல்தொட்டி வசதி. அது இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை நிரலுக்குள், சிமேக் முறையில் தொகுப்பதற்கான கோப்பில், தேவையற்ற ஒரு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டிருந்தது. அப்புள்ளியால் சோதனை நிரல் எந்தக் கணினியிலும் தொகுப்பாகாது. ஆகவே லேண்ட்லாக் எப்போதும் ‘இல்லை’ என்றே முடிவாகும். திட்டத்தின் மூல ஆசிரியர் லாஸ்ஸே காலின் அந்தப் புள்ளியை நீக்கினார்.

முதன்மைக் கள்ளக்கதவு எக்ஸ்86 வகை 64 பிட் சர்வர்களைக் குறிவைத்தது. உட்பொதி கருவிகளை அன்று. ஆனால் புள்ளியின் பாடம் எல்லோருக்கும் பொது. ‘இருந்தால் பயன்படுத்து, இல்லாவிட்டால் விட்டுவிடு’ என்ற தொகுப்பு முறையில், காவல் இல்லாமற்போனதை யாரும் அறிய வழியில்லை.

அணைப்பதற்கு முன்

இந்த வரலாற்றிலிருந்து, உட்பொதி லினக்ஸ் பயிலும் மாணவர்களுக்குச் சில நடைமுறைகள் தெளிவாகின்றன.

முதலாவது, கொல்லப்பட்ட அழைப்பு எது என்று கண்டறிவது. செக்காம்ப் ஒரு செயல்முறையைக் கொல்லும்போது, தணிக்கைப் பதிவு இயக்கத்தில் உள்ள கெர்னல் அந்த அழைப்பின் எண்ணைக் குறித்துவைக்கும். அவ்வெண்ணைக் கொண்டு அழைப்பின் பெயரை அறியலாம். பெரும்பாலும் மென்பொருளின் அடுத்த பதிப்பில் அது ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கும். அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பொருத்தினால் போதும்.

இரண்டாவது, கொல்லாமல் கவனிப்பது. 2017-இல் வந்த லினக்ஸ் 4.14 முதல், பட்டியலில் இல்லாத அழைப்பை அனுமதித்துவிட்டுப் பதிவு மட்டும் செய்யும் முறை உள்ளது. சொந்தமாகப் பட்டியல் எழுதுபவர் சோதனைக் காலத்தில் இதைப் பயன்படுத்தி, பட்டியல் முழுமையானதும் கண்டிப்பான முறைக்கு மாறலாம்.

மூன்றாவது, ‘இருந்தால்’ என்பதைவிட ‘கட்டாயம்’ என்று கேட்பது. ஓப்பன்எஸ்எஸ்எச்-ஐத் தொகுக்கும்போது செக்காம்ப் வடிகட்டி வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டால், அது கிடைக்காத நிலையில் தொகுப்பே நின்றுவிடும். அந்தத் தோல்வி நல்ல தோல்வி. அது பிரச்சினையைத் தொழிற்சாலையிலேயே காட்டிவிடுகிறது.

நான்காவது, அணைத்தே ஆக வேண்டுமென்றால் எல்லையோடு அணைப்பது. கெர்னல் முழுவதற்கும் அணைக்காமல், சிக்கல் தரும் ஒரு பொதிக்கு மட்டும் அணைக்கலாம். காரணம், கெர்னல் மற்றும் நிரலகப் பதிப்பு, தேதி ஆகியவற்றை அதே கோப்பில் எழுதி வைத்தால், பின்னால் வருபவர் அக்காரணம் இன்னும் நிற்கிறதா என்று சரிபார்க்கலாம்.

ஐந்தாவது, முடிவில் சரிபார்ப்பது. லினக்ஸில் ஒவ்வொரு செயல்முறைக்கும் ப்ராக் கோப்புறையில் ஸ்டேட்டஸ் என்ற கோப்பு உண்டு. அதில் செக்காம்ப் என்ற வரியில் 0 என்றால் வேலி இல்லை; 1 என்றால் பழைய கண்டிப்பு முறை; 2 என்றால் வடிகட்டி முறை. உள்நுழையக் கூடிய எந்த லினக்ஸ் கருவியிலும் ஒரு நிமிடத்தில் இதைப் பார்த்துவிடலாம்.

இன்றைய நிலை

தொகுப்புக் கருவிகளின் போக்கு மாறிவருகிறது. யோக்டோ திட்டம் 2021-இல் லிப்செக்காம்பைத் தன் முதன்மைப் பொதிகளுக்குள் கொண்டுவந்தது. செக்காம்பை இயல்பான வசதிகளின் பட்டியலிலும் சேர்த்தது. பில்ட்ரூட்டில் ஓப்பன்எஸ்எஸ்எச் மணல்தொட்டி இயல்பாகவே இயக்கத்தில் உள்ளது. ரிஸ்க்-விக்கும் செக்காம்ப் உண்டு. 2022-இல் இந்திய அரசு அறிவித்த டிஐஆர்-வி திட்டத்தின் கீழ் உள்நாட்டு ரிஸ்க்-வி நுண்செயலிகளுக்கு மென்பொருள் எழுதுபவர்கள், 2018-இல் இருந்த தடையோடு தொடங்க வேண்டியதில்லை.

மாறாமல் இருப்பது அறையும் ஆளும்தான். பொழிச்சலூர், பம்மல், குரோம்பேட்டை போன்ற புறநகர்த் தெருக்களில் பல வீடுகளின் சுவரில் ஒரு ரூட்டரோ கேமராவோ இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கிறது. அதன் உள்ளே ஓடும் மென்பொருளைத் தொகுத்தபோது மணல்தொட்டி வேண்டுமா என்ற கேள்வி ஒருமுறை கேட்கப்பட்டிருக்கும். விடை சொன்னவர் அந்தப் பொறியாளர். அதன் விளைவோடு பல ஆண்டுகள் வாழ்பவர் கேள்வியையே காணாத வீட்டுக்காரர். அணைப்பதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன என்பதையும், அவற்றில் பெரும்பாலானவை இன்று தீர்ந்துவிட்டன என்பதையும் இந்த வரலாறு ஒருங்கே காட்டுகிறது. பழைய உள்ளமைவுக் கோப்பு ஒன்றை நகலெடுக்கும் ஒவ்வொருவரும் அந்த ஒரு வரியை மறுபடி படித்துப் பார்ப்பதற்கு அதுவே போதிய காரணம்.